பிணை நிற்க ஆள் உண்டா?

சில ஆண்டுகளுக்கு முன், மாலைச் செபமாலை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், ஓர் ஏழைத் தாய் கோயில் வாசலில் தயங்கி நின்றாள். "சாமி, மகனுக்கு ஜாமீன் கிடைத்துப் பத்து நாளாயிற்று. பிணை நிற்கத்தான் ஆளில்லை. கோர்ட்டு வாசலில் ஒருவர், பணம் கொடுத்தால் ஆள் தருகிறேன் என்கிறார். தோட்டை அடகு வைக்கட்டுமா?" என்றாள்.

"வேண்டாம் அம்மா" என்றேன். அமெரிக்காவின் பல மாநிலங்களில் உரிமம் பெற்ற முகவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்பதுண்டு. நம் நாட்டில் அத்தகைய உரிமம் எவருக்கும் இல்லை. கூலிக்குக் கையொப்பமிடுவோர் காட்டும் பத்திரங்கள் போலியாயின், ஜாமீனும் போகும், புதிய வழக்கும் வரும்.

பிணையாளி எவ்வாறு இருக்க வேண்டும்? குற்றஞ்சாட்டப்பட்டவரை அறிந்தவராயும், நிலையான முகவரி உள்ளவராயும் இருத்தல் நலம். ஆதார் அட்டை, வீட்டு வரி ரசீது அல்லது சொத்துச் சான்று, புகைப்படம் ஆகியவற்றை நீதிமன்றம் கேட்கலாம். ஏற்கெனவே எத்தனை பேருக்குப் பிணை நிற்கிறார் என்பதையும் அவர் மறைக்காமல் அறிவிக்க வேண்டும். பிணைத்தொகையைப் பொதுவாக முன்கூட்டியே கட்ட வேண்டியதில்லை. ஆனால் விடுதலையானவர் தவணைக்கு வராமல் ஓடிவிட்டால், அத்தொகைக்குப் பிணையாளியே பொறுப்பாவார். நம்பிக்கை இழந்தவர், தம்மை விடுவிக்குமாறு நீதிமன்றத்திடம் மனுச் செய்யலாம்.

ஆளே கிடைக்காத ஏழையைச் சட்டம் கைவிடவில்லை. 1978-ல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டது. அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்தவர் என்பதால் அவரது பிணை மறுக்கப்பட்டது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பத்திரத்தின் பேரில் கொத்தனாரை விடுவிக்கச் செய்தார். ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் பிணை தர இயலாதவரின் நிபந்தனைகளைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே ஆராயலாம் என 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. சிறையிலிருப்போருக்கு இலவச சட்ட உதவி பெற உரிமையுண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஆயினும் சட்டம் செய்யும் உதவியோடு நம் கடமை தீர்ந்துவிடுமோ? தெசலோனிக்கே நகரில் சின்னப்பரை ஏற்றுக்கொண்டதற்காக யாசோன் இழுத்துச் செல்லப்பட்டு, பிணை கொடுத்த பின்னரே விடப்பட்டதை அப்போஸ்தலர் பணி 17-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தம்பி பெஞ்சமினுக்காக யூதா தன்னையே பிணையாக வைத்தான். பிணையால் அழிந்தோர் உண்டு என எச்சரிக்கும் சீராக் ஆகமம் (29), நல்லவன் அயலானுக்குப் பிணை நிற்பான் என்றும், பிணை நின்றவனின் நன்மையை மறவாதே என்றும் போதிக்கிறது. விவேகமும் வேண்டும், அன்பும் வேண்டும். சிறையிலிருந்த தம்மைப் பார்க்க வந்தோரை நினைவுகூரும் ஆண்டவர், நமக்காகத் தம் உயிரையே பிணையாக்கியவர் அன்றோ?

அடுத்த ஞாயிறன்று வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் மௌனம். பின்பு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், மளிகைக் கடைக்காரர் ஒருவரும் எழுந்தார்கள். பையன் வீடு திரும்பினான். ஒவ்வொரு தவணைக்கும் முதல் நாள் ஆசிரியர் அவன் வீட்டுக்குச் சென்று நினைவூட்டினார். ஒரு தவணையும் தவறவில்லை. தாயின் காதில் தோடும் இருந்தது.

உங்கள் பங்கில் இப்படி இருவர் இருக்கிறார்களா?