கம்மங்காட்டுக் காற்றும் கட்டபொம்மன் கம்பமும்

"பகலெல்லாம் கரகரன்னு கெடக்கு. பொழுது அடஞ்சா போதும், எங்கெங்கயோ உள்ள ஸ்டேஷன்லாம் வந்து பேசுது. தெலுங்கு பேசுதான், இந்தி பேசுதான். அது எப்பிடிப்பா?"

பெரியப்பா தன் பழைய டிரான்சிஸ்டருக்கு பேட்டரி வாங்க கோவில்பட்டிக்கு வந்திருந்தார். எட்டயபுரம் சாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அறுபது வருஷம் மண்ணையும் மானத்தையும் பார்த்தே வாழ்ந்தவருக்கு ஒரு வரி போதாது. அடியிலிருந்து ஆரம்பித்தேன்.

"கம்மங்காட்டுல காத்தடிக்கும்போது பாத்திருக்கீகள்ல? கருது பூரா சாஞ்சு சாஞ்சு நிமிரும். அந்த அலை கீகாட்டு வரப்புல கிளம்பி மேகாட்டு வரப்பு வரைக்கும் ஓடும். தட்டை ஏதாச்சும் எடம் மாறுதா?"

"அது எங்க மாறும். நட்ட எடத்துலதான் நிக்கும்."

அலை என்பது அவ்வளவுதான். பொருள் நகராமல் அதன் அசைவு மட்டும் நகர்வது. கண்மாயில் கல்லைப் போட்டால் மிதக்கிற சருகு மேலும் கீழும் ஆடுகிறது, வட்டம் மட்டும் விரிந்து கரைக்குப் போகிறது. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் உள்ள தூரம் அலைநீளம். ஒரு நொடியில் எத்தனை மேடு நம்மைக் கடக்கிறது என்பது அதிர்வெண். இரண்டையும் பெருக்கினால் அலையின் வேகம்.

ரேடியோ அலைக்குக் கம்பந்தட்டையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மின்சாரம் ஒரு கம்பியில் முன்னும் பின்னும் ஆடினால் அதைச் சுற்றியுள்ள மின்புலம் மாறும். அந்த மாற்றம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும், காந்தப்புலம் மாறும்போது மறுபடி மின்புலம் பிறக்கும். ஒன்றையொன்று கைதூக்கிவிட்டபடி இரண்டும் வெற்றிடத்திலேயே ஓடும், நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். 1860-களில் மாக்ஸ்வெல் காகிதத்தில் போட்ட கணக்கு இது. கிடைத்த வேகம் வெளிச்சத்தின் வேகத்தோடு பொருந்தியது. அப்படியானால் வெளிச்சமும் இதே அலைதான் என்று அவர் துணிந்து சொன்னார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. இருபது வருஷம் கழித்து ஹெர்ட்ஸ் அந்த அலையைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். 1895-ல் கல்கத்தாவில் ஜெகதீச சந்திர போஸ் அதைச் சுவரைத் தாண்ட வைத்து மறுபக்கம் மணியடிக்க வைத்தார்.

பெரியப்பாவின் டிரான்சிஸ்டரிலேயே இரண்டு நீளம் இருக்கிறது. திருநெல்வேலி வானொலியை நாங்கள் கேட்டு வளர்ந்தது மீடியம் வேவில், 1197 கிலோஹெர்ட்ஸில். நொடிக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு லட்சம் மேடு, ஒவ்வொன்றும் 250 மீட்டர் நீளம். நம்ம ஊர்ப் புஞ்சையில் ஒரு அலைக்கே இரண்டு மூன்று பேருடைய காடு வேண்டும். கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ். அதன் நீளம் மூன்றே மீட்டர். 250 மீட்டர் அலை தரையைத் தடவிக்கொண்டே வரும். மேடு பள்ளம் அதற்குப் பெரிதில்லை. மூன்று மீட்டர் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும், பூமி வளைகிற இடத்தில் தப்பிப் போய்விடும். ஏழாயிரம் அடி உயர மலைமேல் நின்று அனுப்புவதால்தான் அது கரிசல்காடு வரைக்கும் எட்டுகிறது.

ரேடியோவில் இழுத்து நீட்டுகிற கம்பியும் பண்பலைக்குத்தான். முக்கால் மீட்டர் நீட்டினால் மூன்று மீட்டரில் கால் பங்கு, அலையைப் பிடிக்கத் தோதான அளவு. மீடியம் வேவுக்கு அந்தக் கம்பியால் பயனில்லை. அதற்கென்று உள்ளே ஒரு கருங்குச்சியில் செம்புக்கம்பி சுற்றியிருக்கும். குச்சி எந்தத் திசையில் கிடக்கிறது என்பதைப் பொறுத்தே அலை சிக்கும். அதனால்தான் பெட்டியையே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி வைத்துக் கேட்போம்.

"வெளிச்சமும் இதேதான்னயே?"

கடைக்காரரிடம் தீப்பெட்டி வாங்கினேன். தீப்பெட்டி ஊரில் இதைவிட நல்ல கருவி கிடைக்காது. குச்சியை உரசி, சுடருக்குப் பக்கவாட்டில் அவர் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். சூடான காற்று மேலேதான் போகும், பக்கத்தில் வராது. ஆனாலும் உள்ளங்கை சுட்டது. சுடரிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற அலையோடு, அதைவிட நீளமான, கண்ணுக்குத் தெரியாத அலையும் வருகிறது. அகச்சிவப்பு என்று பெயர். 1800-ல் ஹெர்ஷல் வெயிலைப் பட்டகத்தில் பிரித்து, சிவப்பைத் தாண்டி இருட்டாக இருந்த இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேதான் சூடு ஏறியது.

சிவப்பு அலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஊதாவுக்கு அதிலும் ஏறக்குறைய பாதி. அதைவிடக் குட்டை புற ஊதா, இன்னும் குட்டை எக்ஸ்-ரே, கடைசியில் காமா. நீளம் குறையக் குறைய அலை கொண்டுவரும் ஆற்றல் கூடும். அதனால்தான் எக்ஸ்-ரே எடுக்கும்போது நம்மை உள்ளே விட்டு, எடுப்பவர் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறார்.

கரிசல் மண் கறுப்பாக இருப்பதே வெயிலின் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்குவதால்தான். சித்திரை மதியத்தில் வெறுங்காலோடு நடந்த எல்லோருக்கும் அது தெரியும். விழுங்கியதை அந்த மண் ராத்திரியில் திருப்பிக் கொடுக்கிறது, வெளிச்சத்தைவிட இருபது மடங்கு நீளமான அகச்சிவப்பு அலையாக.

"மார்கழில மூட்டம் போட்டா பனி விழுமா பெரியப்பா?"

"விழாது. வானம் வெளுத்துக் கெடந்தாத்தான் விழும்."

அவர் சொன்னது முழு இயற்பியல். மேகம் இருந்தால் மண் விடுகிற அலையை அது வாங்கிக் கொஞ்சம் கீழே திருப்பி அனுப்பும். வானம் வெறிச்சோடிக் கிடந்தால் அலை நேரே அண்டவெளிக்குப் போகும். மண் குளிரும், இலை குளிரும், பனி இறங்கும்.

இன்னொரு கோடியில், அலை எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதற்கும் சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990-ல் தொடங்கியது. 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவரின் பெயர், கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளோடு பேசுகிற நிலையத்துக்கு. உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் அலையை உறிஞ்சிவிடும். பண்பலை அலை கடல்நீரில் சில சென்டிமீட்டருக்குள் செத்துப்போகும். நொடிக்குப் பதினெட்டாயிரம் தடவை மட்டும் ஆடுகிற அலை பல மீட்டர் ஆழம் இறங்கும். அதன் நீளம் பதினாறு கிலோமீட்டருக்கும் மேல். கால் பங்கு என்றாலே நாலு கிலோமீட்டர் உயரத்துக்குக் கம்பம் நட வேண்டும். அங்கே நிற்கிற மிக உயரமான கம்பங்கள் 470 மீட்டருக்கும் மேல். நாலு கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் அவையும் குட்டையே.

இரண்டாவது டீ வந்தது. அவர் கேள்விக்கு வந்தேன்.

நமக்கு மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் வரை, சூரியனின் புற ஊதாவும் எக்ஸ்-ரேயும் காற்றணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகின்றன. அந்தப் படலம் மீடியம் வேவ் அலையை மேலே ஏறவிடாமல் உறிஞ்சிவிடும். பொழுது அடைந்ததும் பிய்ந்தவை மறுபடி ஒட்டிக்கொள்ள, படலம் கரைந்துபோகும். அதற்கும் மேலே உள்ள படலங்கள் ராத்திரியிலும் முழுதாகக் கரையாது. அலை அதுவரை ஏறி, வளைந்து, பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கீழே இறங்கும். ஆந்திராவில் கிளம்பிய தெலுங்கு நம் ஊர்த் திண்ணைக்கு வருகிற வழி அது.

பெரியப்பா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப கிரகணத்தன்னைக்குப் பகல்லயே கேக்கணுமே?"

கேட்கும். உலகத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். நிலா மறைக்கும் நேரத்தில் அந்தப் படலம் மெலிந்து, தூரத்து நிலையங்கள் வந்துபோகும். 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் அன்று கன்னியாகுமரி, ராமேஸ்வரம் பக்கம் வளையக் கிரகணம் விழுந்ததே, அதைச் சொன்னேன்.

"அன்னைக்குக் கதவச் சாத்திட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருந்தோம். ரேடியோ பக்கத்துலதான் கெடந்தது."

அந்த மாதிரி வளையம் இனி எப்போது என்றார். 2031 மே 21, மதுரைப் பக்கம் வளையமாகத் தெரியும், இங்கேயும் சூரியனில் பெரும்பகுதி மறையும் என்றேன். மேஜையில் கிடந்த தீப்பெட்டியை எடுத்து, என் பேனாவை வாங்கி, பின்பக்கத்தில் அந்தத் தேதியை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.