யாருடைய உண்டியல் காலியாக வேண்டும்?

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடுவதைத் திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: கிழக்கேகோட்டைப் பக்கம் இருக்கும் அந்தக் கோவிலைப் பராமரிப்பது இந்திய ராணுவம். ஆனால் இன்று பேச்சு தேங்காயைப் பற்றி இல்லை, ராணுவத்தைப் பற்றியும் இல்லை. பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகம்புல்லைப் பற்றி. மலையாளத்தில் கறுக. பசுவுக்கும் ஆட்டுக்கும் அது முதல்தரச் சாப்பாடு.

அந்தப் புல் எங்கே கிடைக்கும்? வயல் வரப்பில் கிடைக்கும், பள்ளி மைதானத்து ஓரத்தில் கிடைக்கும். நெடுமங்காடு, காட்டாக்கடை பக்கம் பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு பறம்பில், அதாவது வீட்டு நிலத்தில், மட்டும் கிடைக்காது. வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பாருங்கள். உள்ளே இறங்க வேண்டாம், பாம்பு இருக்கும். ஆள் உயரத்துக்குக் கம்யூனிஸ்ட் பச்சை நிற்கும். அதன் தலைமேல் ஏறி மூடிய கொடி திருதராஷ்டிரப் பச்சை. ஓரத்தில் உண்ணிச்செடி. காலடியில் முள்ளோடு ஆனைத்தொட்டாவாடி. நான்குமே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். இவற்றில் உண்ணிச்செடியும் கம்யூனிஸ்ட் பச்சையும் 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடிகளாக வந்து, வேலி தாண்டியவை. அறுகம்புல்லுக்கு நேர்வெயில் வேண்டும். தலைக்கு மேல் இப்படி ஒரு கூரை போட்டுவிட்டால் அது மெலிந்து மெலிந்து காணாமல் போகும்.

அந்தப் பறம்பில் மறுபடி நாலு ஆடு மேய வேண்டும் என்று வீட்டில் ஆசைப்படுகிறார்கள் என்று வையுங்கள். பெரிய நிலமாக இருக்காது. கேரளத்தில் ஒருவர் கையிலுள்ள விளைநிலம் சராசரியாக 0.18 ஹெக்டேர்தான், அதாவது ஏறக்குறைய 44 சென்ட். வெட்டுக்கத்தியோடு இரண்டு பேர் இறங்கினால் சில நாளில் வெட்டிச் சாய்த்துவிடலாம். ஜேசிபி வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடியும்.

வேலை முடிந்ததா? ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை வரட்டும், தெரியும். ஜேசிபி வழித்த சரிவில் மேல்மண் மழையோடு போயிருக்கும். வெட்டுக்கத்தி பட்ட இடத்தில் ஒரு தண்டு நின்ற அடிக்கட்டையிலிருந்து நாலைந்து தண்டுகள் கிளம்பியிருக்கும். தீ வைத்தாலும் இதே கதைதான்: கம்யூனிஸ்ட் பச்சை வேர்ப்பிடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும்.

இலையே இல்லாத கட்டைக்குத் துளிர்விடச் சாப்பாடு எங்கிருந்து வந்தது? செடி தன் இலைகளில் சூரிய ஒளியால் சமைக்கிற சர்க்கரை முழுவதையும் அன்றே செலவழிப்பதில்லை. ஒரு பங்கை மாவுப்பொருளாக்கி வேரிலும் அடிக்கட்டையிலும் சேர்த்துவைக்கிறது. அது செடியின் உண்டியல். தலையை வெட்டியதும் உண்டியலை உடைத்துப் புதுத் துளிர் விடுகிறது. துளிர் விரிந்து இலையாகி, சொந்தமாகச் சமைக்கத் தொடங்கிச் சில வாரம் போனால், உண்டியல் மறுபடி நிரம்பும்.

இரண்டாவது வெட்டை எப்போது போட வேண்டும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். துளிருக்குச் செலவு செய்தாயிற்று, வரவு இன்னும் தொடங்கவில்லை, அந்த நேரத்தில். மறுபடி துளிர்த்தால் மறுபடி. ஒவ்வொரு தடவையும் துளிர் குட்டையாகிக்கொண்டே வரும், பிறகு வராது. இது ஒரு நாள் வேலை இல்லை, ஒரு வருஷத்துக்கு மேலும் இழுக்கும். கம்யூனிஸ்ட் பச்சைக்கு இன்னொரு நாளும் முக்கியம்: மழை ஓய்ந்து, டிசம்பர் வாக்கில் பூக்கத் தொடங்கும். அதற்கு முன்பே வெட்டாவிட்டால் பஞ்சு முளைத்த விதைகள் காற்றில் ஏறி, பக்கத்து வீட்டுப் பறம்புக்கும் சேர்த்துப் போய்விடும்.

ஆனால் மாதா மாதம் வெட்டினால் புல்லும்தானே சாக வேண்டும்? சாகாது. ஒரு புதர்ச்செடியின் கிளை வளர்வது நுனியில். நுனியைக் கிள்ளிவிட்டால் அந்தக் கிளை அதோடு நின்றது, வேறொரு மொட்டுதான் புதிதாகக் கிளம்ப வேண்டும். புல்லின் இலையோ அடியில் வளர்கிறது. வளரும் பகுதி மண்ணை ஒட்டி, உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. மாடு மேலே கடிப்பது ஏற்கெனவே வளர்ந்து முடிந்த பாகத்தை. அடியிலிருந்து இலை மறுபடி நீளும். அறுகம்புல் இன்னும் கெட்டிக்காரப் புல்: தண்டையே தரையோடு தரையாகப் படரவிட்டு, மண்ணுக்குள்ளும் கிடைத்தண்டு ஓட்டி வைத்திருக்கும். பல கோடி வருஷமாகக் கடிபட்டுக் கடிபட்டு வந்த இனமல்லவா!

வெட்டுக்கத்தியின் பாதி வேலையை ஆடே செய்யும். பசு நாக்கால் புல்லைச் சுற்றி வளைத்து இழுக்கும். ஆட்டின் உதடு சின்னது, வளைந்துகொடுப்பது. முள்ளுக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு துளிரைப் பொறுக்கும். பின்னங்காலில் எழும்பி நின்று கொடியையும் இறக்கும். ஆனாலும் எல்லாவற்றையும் தின்னும் என்று நினைக்காதீர்கள். கம்யூனிஸ்ட் பச்சையை முகர்ந்துவிட்டுப் போய்விடும், அது மனிதர் வெட்ட வேண்டியது. உண்ணிச்செடி இலை ஈரலைக் கெடுக்கும் விஷம். வேறு தீனி இல்லாமல் பசியோடு கட்டிப்போட்டால் ஆடு அதையும் கடிக்கும். நம் பக்கம் அதைவிட அடிக்கடி நடப்பது மரவள்ளி இலை விபத்து. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய தோட்டத்தில் ஆட்டை அவிழ்த்துவிடாதீர்கள். பச்சை இலையை மென்றதும் சயனைடு வெளிப்படும், சில நிமிஷத்தில் ஆடு சாயும்.

புதர் போய்ப் புல் வந்தாயிற்று. இனி ஆட்டை அங்கேயே விட்டுவிடலாமா? இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத ஒரு எதிரி வருகிறது. ஆட்டின் நான்காவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஒரு புழு உண்டு, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறுபோல இருக்கும். பெண் புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டைகள் புழுக்கையோடு தரைக்கு வரும். நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஒரு வாரத்துக்குள் குஞ்சுப்புழுவாகி, புல்லில் இருக்கும் ஈரப்படலத்தில் நீந்தி மேலே ஏறும், ஆட்டின் வாய்க்காகக் காத்திருக்கும். பெரும்பாலும் அடிப்பக்கத்து நாலைந்து சென்டிமீட்டரில்தான் இருக்கும். அதனால்தான் பனி உலர்ந்த பிறகு ஆட்டை விடுவதும், தரையோடு சுரண்டும்வரை மேயவிடாததும். ஆட்டுக்குப் புழுத்தொல்லை உண்டா என்று பார்க்க ஒரு எளிய வழி: கீழ் இமையை மெல்ல இறக்கிப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பு என்றால் கவலையில்லை, வெளுத்திருந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

புல்லில் காத்திருக்கும் இந்தக் குஞ்சுப்புழுவால் எதையும் தின்ன முடியாது, அதன் வாயை ஒரு உறை மூடியிருக்கிறது. கொண்டுவந்த கையிருப்பில்தான் உயிர் வாழ வேண்டும். ஆமாம், இதற்கும் ஒரு உண்டியல்! வெப்பம் அதிகமான ஊரில் உண்டியல் சீக்கிரம் தீரும். பசிபிக் தீவு ஒன்றில் 1990-களில் இதை வைத்தே ஒரு ஏற்பாட்டைச் சோதித்தார்கள். மேய்ச்சல் நிலத்தைப் பத்துத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் ஆடுகளை மூன்றரை நாள் விட்டார்கள். முட்டை குஞ்சுப்புழுவாகும் முன்பே ஆடு அடுத்த துண்டுக்குப் போய்விடும். சுற்றி ஐந்து வாரம் கழித்து முதல் துண்டுக்குத் திரும்பும்போது காத்திருந்தவற்றில் பெரும்பாலானவை பட்டினியில் செத்திருக்கும். அதே ஐந்து வாரத்தில் புல் தன் உண்டியலை நிரப்பிக்கொண்டது. ஒரு ஓய்வு, இரண்டு லாபம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த கணக்கு இது. 44 சென்ட்டைப் பத்தாகப் பிரிக்கச் சீமைக்கொன்னைக் கம்புகளை நட்டு வேலியாக்கலாம். வேலியே தழையும் தரும், வேர்முடிச்சில் நைட்ரஜனையும் பிடித்துத் தரும்.

ஆராய்ச்சி நிலையம் இல்லாமலே இந்த மாதிரி நிலத்தைத் தலைமுறைகளாகக் காப்பாற்றியவர்கள் காங்கேயம், தாராபுரம் பக்கத்து விவசாயிகள். அவர்களுடைய கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை உயிர்வேலி இருக்கும், உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம். காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இந்த நிலத்தில்தான். மழை நம் ஊரில் பெய்வதில் பாதிகூடக் கிடையாது. ஒரு காட்டில் மேய்ந்தால் இன்னொரு காடு ஓய்வெடுக்கும்.

ஓய்வே கொடுக்காமல் ஆட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலாபகோஸ் தீவுகள் சாட்சி. யாரோ விட்டுப்போன ஆடுகள் பெருகிப் பெருகி, ராட்சத ஆமைகளுக்கு இலை மிச்சமில்லாமல் செய்துவிட்டன. 2006-க்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளை அங்கிருந்து ஒழிக்க வேண்டியதாயிற்று. ஒளிந்திருந்த கடைசிக் கூட்டங்களைக் கண்டுபிடிக்க, ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிய ஆடுகளையே ஒற்றர்களாக அனுப்பினார்கள்.

உண்டியலை நீங்களே அளந்து பார்க்கலாம். இரண்டு சின்னத் தொட்டியில் அறுகம்புல் வளருங்கள். நன்றாகப் பிடித்ததும் இரண்டையும் இரண்டு விரல் உயரத்துக்கு வெட்டி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை வெளிச்சம் புகாத அலமாரியிலும் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். இருட்டுத் தொட்டியிலும் புல் வளரும். பச்சையாக இல்லாமல் வெளிறிய மஞ்சளாக வரும், ஏனென்றால் அது முழுக்கச் சேமிப்புச் செலவு. வாரம் ஒரு தடவை, ஒரே கிழமையில், இரண்டையும் ஸ்கேலால் அளந்து, அதே உயரத்துக்கு வெட்டி, மில்லிமீட்டரில் எழுதிவையுங்கள். அலமாரித் தொட்டி எத்தனையாவது வெட்டில் நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.