அம்மாவின் நன்மைக்காகப் பூட்டினால் நீதிமன்றம் எதற்கு?

மறதிநோய், மூளைக்காயம், கடும் மனநோய் போன்ற காரணங்களால் தானே முடிவெடுக்க இயலாத பெரியவர்கள் திருகோணமலையில் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை வீட்டிலோ வைத்தியசாலையிலோ முதியோர் இல்லத்திலோ அடைத்துவைப்பதில் சட்டம் எங்கே நுழைகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

அம்மா கேற்றைத் திறந்துகொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுகிறார். துறைமுக வேலைக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போகிறோம். குற்றமா?

ஒருவரை முறையின்றி அடைத்துவைப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். ஆபத்தைத் தடுக்கச் சிறிது நேரம் கேற்றைப் பூட்டுவதும், மாதக்கணக்கில் அறைக்குள் வைத்திருப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் தனியாக வைத்துப் பூட்டாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி, தமிழ்நாட்டின் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களுடைய சொந்தக் குடும்பத்தார்தான், குணமாகும் என்ற நம்பிக்கையில்.

அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்ப நீதிமன்றக் கட்டளை வேண்டுமா?

எல்லாச் சந்தர்ப்பத்திலும் வேண்டும் என்றில்லை. மனநோயாளர் பற்றிய 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, வைத்தியர்களின் சாட்சியத்தைக் கேட்டு ஒருவரை வைத்தியசாலைக்கு அனுப்பலாம். 1956ஆம் ஆண்டுத் திருத்தம் வேறு இரண்டு வழிகளைத் திறந்தது. தானாக விரும்பிச் சேர்வது ஒன்று. விருப்பத்தையோ மறுப்பையோ சொல்ல இயலாதவரை, உறவினரின் விண்ணப்பத்திலும் இரண்டு வைத்தியர்களின் பரிந்துரையிலும் தற்காலிக நோயாளியாகச் சேர்ப்பது மற்றது. இந்த இரண்டாவது வழிதான் எனக்குக் கவலை தருகிறது. தனக்காகப் பேச இயலாத ஒருவர், எந்த நீதிபதியின் கண்ணிலும் படாமல் உள்ளே போய்விடலாம்.

எதிர்ப்பே காட்டாதவரை "தடுத்து வைத்திருக்கிறார்கள்" என்று சொல்ல முடியுமா?

முடியும். 1997இல் இங்கிலாந்தின் போர்ன்வுட் வைத்தியசாலையில், பேச இயலாத ஆட்டிசம் கொண்ட ஒருவர் சேர்க்கப்பட்டார். அவர் முரண்டு பிடிக்கவில்லை. ஆகவே சட்டப்படியான தடுப்புக் கட்டளையும் எழுதப்படவில்லை. அவரை வீட்டில் வைத்துப் பார்த்துவந்த தம்பதியர் திரும்ப அழைத்துப்போகக் கேட்டும் விடவில்லை. 2004இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அவருடைய சுதந்திரம் பறிக்கப்பட்டது என்றும், அது சரிதானா என்று நீதிமன்றத்தில் கேட்க அவருக்கு உரிய வழி இருக்கவில்லை என்றும் தீர்ப்பளித்தது. 2014இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஒருவர் இடைவிடாத கண்காணிப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருந்து, வெளியேறும் சுதந்திரமும் இல்லாதிருந்தால் அது தடுத்துவைப்பே, இடம் எவ்வளவு வசதியானது என்பது பொருட்டல்ல. லண்டன் முதியோர் இல்லத்தில் இருக்கும் நம்மவர் ஒருவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. இங்கே இருக்கும் அவருடைய அக்காவுக்கு அப்படி எழுதிவைத்த சட்டம் இல்லை.

அப்படியானால் இலங்கையில் மறுபரிசீலனையே இல்லையா?

தானாக நடக்கும் மறுபரிசீலனை இல்லை. இந்தியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில், சம்மதம் தர இயலாதவரை 30 நாளுக்கு மேல் வைத்திருக்க மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும். நம்மிடம் அப்படியொரு வாரியம் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட பிறகும் 1873ஐப் பிடித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை.

ஆனால் கேட்டால் திறக்கும் கதவு ஒன்று உண்டு. அது ஆட்கொணர்வு மனு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வடக்கு கிழக்குத் தாய்மார் பதிந்த அதே மனுதான். அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை, அரசின் பிடியில் இருப்பவரை மட்டுமல்ல, தனியாரின் பிடியில் முறையின்றி வைக்கப்பட்டவரையும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் செய்கிறது. இதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. 13ஆம் திருத்தத்தின் மூலம் வந்த 154P உறுப்புரை, மாகாணத்துக்குள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டவர் விடயத்தில் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் இந்த அதிகாரத்தைத் தருகிறது. அடைபட்டவரே மனுப்போட வேண்டும் என்றில்லை; அவருக்காக மற்றொருவர் போடலாம்.

அண்ணனிடம் அற்றோணித் தத்துவம் இருக்கிறது. அவர் சொல்வதுதானே முடிவு?

காணி, வங்கி அலுவல்களுக்காக எழுதிய அற்றோணித் தத்துவம், ஆளை அடைத்துவைக்கும் உரிமையைத் தராது. தீர்மானிக்க இயலாதவரின் சொத்தை நிருவகிக்கவும் அவரைக் கவனிக்கவும் ஆளை நியமிப்பது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. காணிக்காகவே ஒருவருக்குப் "புத்தி சரியில்லை" என்று சொல்லப்படுவதும் உண்டு. விசாரணை அவசியமாவது அதனாலும்தான்.

பணமில்லாதவர் எங்கே போவது?

சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். தடுத்து வைத்திருப்பது அரச நிறுவனம் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்திலும் முறையிடலாம். தடுப்பு இடங்களைப் பார்வையிடும் அதிகாரமும் அதற்கு உண்டு. அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் போவதற்கு ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆகவே முறைப்பாட்டைத் திகதியோடு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டையும் வாங்கி வையுங்கள்.