பழைய வட்டும் பேசாத அச்சுப்பொறியும்

கோலார் தங்கவயலின் தமிழ் இல்லங்களில் கணினி புகுந்து பல்லாண்டுகள் ஆகின்றன. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், நம் இளைஞர் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் திரும்பும் வாழ்க்கையை மேற்கொண்டனர். அவர்களோடு வீடு வந்து சேர்ந்த பொருள்களுள் ஒன்று, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினி. அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டால், தந்தையாரின் சுரங்கப் பணிச் சான்று, சேமநல நிதிக் கடிதங்கள், வீட்டுத் தாள்களின் நகல், மறைந்தோரின் நிழற்படங்கள் என்று விடை வரும். தாள் செல்லரித்துவிடும் என்றஞ்சிப் படியெடுத்து வைத்தவை இவை. மூலத்தாள் தொலைந்துபோன வீடுகளில் இந்தப் படி ஒன்றே எஞ்சிய சான்றாகும்.

இந்நிலையில், 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் கேட்கின்றது. பழைய கணினிக்கு அவை ஏது? ஆகவே நம் பிள்ளைகள் லினக்ஸை நிறுவத் தலைப்பட்டுள்ளனர். உபுண்டு, மின்ட் போன்றவை விலையின்றிக் கிடைப்பதும், குறைந்த நினைவகத்தில் ஓடுவதும் நமக்கு ஏற்றனவே. ஆனால் நிறுவிய மறுநாளே இரண்டு முறையீடுகள் எழுகின்றன: 'பழைய வட்டு திறக்கவில்லை', 'பிரிண்டர் பேசவில்லை'. இவ்விரண்டையும் ஈண்டுச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதற்கண் வட்டு. விண்டோஸில் 'சி', 'டி' எனத் தனித்தனி வீடுகளாக வட்டுகள் நிற்கும். லினக்ஸில் அப்படியன்று, அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைக்கும் ஒரு மரம். சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. முதன்மைக் குழி ஒன்று. அதிலிருந்து மட்டந்தோறும் பக்கவழிகள் பிரியும். பக்கவழியைக் குழியோடு இணைத்தால்தான் அங்கே கூண்டு நின்று ஆள் இறங்க முடியும். புதிய வட்டு ஒன்றை மரத்தின் ஒரு கிளையில் இணைக்கும் இச்செயலையே 'மவுண்ட்' என்பர். தமிழில் 'ஏற்றுதல்' என வழங்குகின்றனர். இணைக்காத வட்டு காணாமற் போய்விட்டதென எண்ணி அழவேண்டியதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கின்றது, வழிதான் திறக்கப்படவில்லை.

பெரும்பாலும் நேரும் தடை ஒன்றுண்டு. விண்டோஸ் 8 வெளிவந்த 2012-ஆம் ஆண்டு முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்னும் ஏற்பாடு அதில் அமைந்துள்ளது. கணினியை அணைக்கும்போது விண்டோஸ் முற்றும் உறங்காமல், தன் உட்கருவின் நிலையை வட்டில் எழுதிவைத்து அரைத்தூக்கத்தில் கிடக்கும். மறுநாள் விரைவில் எழும்பொருட்டு இவ்வாறு செய்கின்றது. அரைத்தூக்கத்தில் உள்ளவன் கணக்குப் புத்தகத்தில் அயலான் எழுதலாமா? கூடாது என்று லினக்ஸ் ஒதுங்கி நிற்கின்றது. சில வேளை வட்டைத் திறக்கவே மறுக்கும். சில வேளை படிக்க மட்டும் இடந்தந்து எழுத விடாது. இதனைப் பிழையென்று வைதல் தகாது. நம் கோப்புகளைக் காக்கும் எச்சரிக்கையே இது.

மின்சாரம் திடீரென நின்றாலும் இதே நிலை நேரும். வட்டில் 'ஒழுங்காக மூடப்படவில்லை' என்ற குறி விழுந்துவிடும். 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் பெற்ற ஊர் நம்முடையது. பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தது 1905-இல்தான். பழம்பெருமை பேசி என்ன பயன்? மேசைக்கணினி வைத்திருப்போர் ஒரு யு.பி.எஸ். வாங்கிக்கொள்வது நன்று.

பரிகாரம் யாதெனில், விண்டோஸ் இன்னும் அதே கணினியில் இருக்குமாயின், அதனுள் புகுந்து கன்ட்ரோல் பேனலின் மின்சார அமைப்புகளில் அந்த விரைவு ஏற்பாட்டை நீக்கிவிட்டு முழுமையாக அணைக்க வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறு அணைத்தாலும் அந்த ஒரு முறைக்கு முழு உறக்கம் வாய்க்கும். விண்டோஸை முன்பே அழித்துவிட்டவர்கள், வட்டைக் கழற்றி யு.எஸ்.பி. உறையிலிட்டு, விண்டோஸ் உள்ள அண்டை வீட்டுக் கணினியில் மாட்டிச் சோதனை நடத்துவதே முறை. 'என்.டி.எஃப்.எஸ். ஃபிக்ஸ்' என்னும் லினக்ஸ் கருவியைச் சிலர் சர்வரோக நிவாரணிபோல் பரிந்துரைக்கின்றனர். அது மேற்குறியை அழித்துச் சில சிறு பிழைகளைத் திருத்துமேயன்றி முழுமையான பழுதுபார்ப்பு ஆகாது. நாம் வற்புறுத்துவது வேறு: எதையும் பழுதுபார்க்கத் தொடங்குமுன், வட்டைப் படிக்க மட்டும் திறந்து, சான்றுகளையும் படங்களையும் வேறொரு வட்டில் நகலெடுத்துவிடுங்கள். தந்தையாரின் பணிச் சான்று போனால் அதைத் திரும்பப் பெறுவது எளிதன்று.

பிட்லாக்கர் என்னும் பூட்டு இட்ட வட்டானால் செய்தி வேறு. 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவு கையில் இருந்தால் லினக்ஸிலும் அதைத் திறக்கலாம். கடவுச்சொல்லும் இன்றி அத்திறவும் இன்றி எவராலும் இயலாது. விண்டோஸை அழிக்குமுன் அதனைத் தாளில் எழுதிக்கொள்க.

ஒவ்வொரு நாளும் கையால் ஏற்றுவது அலுப்பாயின், கணினி எழும்போதே வட்டு தானாக ஏறுமாறு செய்யலாம். உபுண்டுவிலும் மின்டிலும் உள்ள 'டிஸ்க்ஸ்' என்னும் கருவியில் இதற்கு இடமுண்டு. அதன் முடிவு 'எஃப்.எஸ்.டேப்' என்னும் கோப்பில் எழுதப்படும். கையாலேயே எழுத விழைவோர் இரண்டை மறக்கலாகாது. வட்டை 'எஸ்.டி.ஏ.', 'எஸ்.டி.பி.' என்ற பெயரால் குறித்தால், வேறொரு வட்டு செருகிய நாளில் பெயர் மாறிவிடக்கூடும். ஆதலின் 'யு.யு.ஐ.டி.' என்னும் மாறா எண்ணால் குறிக்க வேண்டும். பெயர் மாறினாலும் சுரங்கத் தொழிலாளியின் டோக்கன் எண் மாறாததுபோல. மற்றொன்று, 'நோஃபெயில்' என்ற சொல்லை அவ்வரியில் சேர்ப்பது. அச்சொல் இல்லையேல், வெளிவட்டைக் கழற்றிவைத்த நாளில் கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்து, பிறகு கறுப்புத் திரையில் நெருக்கடி நிலைக்குப் போய்விடும். வீட்டில் உள்ளோர் கணினியே கெட்டுவிட்டதென அஞ்சுவர். எழுதியபின் மறுதொடக்கம் செய்யுமுன் 'மவுண்ட்' ஆணையை 'ஏ' குறியுடன் இட்டுச் சோதித்துவிடுதல் அறிவுடைமை.

இனி அச்சுப்பொறி. இதனிடத்து ஒரு வரலாறு உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஜெராக்ஸ் நிறுவனம் அளித்த லேசர் அச்சுப்பொறி ஒன்று இருந்தது. தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். முந்தைய பொறியின் நிரலைத் திருத்தி, சிக்கல் நேர்ந்தால் காத்திருப்போர்க்கு அறிவிக்குமாறு செய்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார். புதிய பொறியின் மூலநிரலை அவருக்குத் தர மறுத்துவிட்டனர். அந்த மனக்கசப்பும் ஒரு காரணமாக, 1983-இல் அவர் குனு என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய உட்கரு அதனோடு சேர்ந்ததே இன்று நம் வீட்டில் ஓடுவது. ஓர் அச்சுப்பொறித் தகராறின் வழித்தோன்றலுக்கே அச்சுப்பொறியோடு பிணக்கு நேர்வது வேடிக்கைதான்.

லினக்ஸில் அச்சுவேலையைக் 'கப்ஸ்' என்னும் அமைப்பு நடத்துகின்றது. அண்மைக்கால அச்சுப்பொறிகள், சிறப்பாகக் கம்பியின்றி இணைவன, தனி இயக்கி மென்பொருள் எதுவுமின்றித் தாமே அறிமுகமாகிவிடும். கணினியும் பொறியும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். சிக்கல், பழைய மலிவு லேசர்களில் உண்டு. எச்.பி. லேசர்ஜெட் 1020, பி 1008 போன்றவை தம்முள் நிரல் சேமித்து வையாதவை. ஒவ்வொரு முறை மின்சாரம் தந்ததும் கணினிதான் அவற்றுக்கு நாவைக் கொடுக்க வேண்டும். இதற்கு 'எச்.பி.லிப்' என்னும் தொகுப்பும், அதனோடு எச்.பி. தனியே வழங்கும் ஒரு 'பிளக்-இன்' துண்டும் தேவை. தொகுப்பை மட்டும் நிறுவித் துண்டை விட்டவர்களுக்கே, பொறியின் பெயர் திரையில் தெரிந்தும் தாள் வெளிவராத மாயம் நிகழ்கின்றது.

பெயர் தெரிகிறது, இயக்கியும் உண்டு, ஆயினும் அச்சில்லை என்றால் வரிசையைப் பாருங்கள். ஒரு முறை கம்பி கழன்ற நிலையில் அச்சிட்டிருந்தால், கப்ஸ் அப்பொறியை நிறுத்திவைத்திருக்கக்கூடும். பின்னால் அனுப்பியவை யாவும் கூண்டுக்கு முன் காத்து நிற்கும் ஷிஃப்டு ஆள்போல் வரிசையில் நிற்கும். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்றெழுதி, முக்காற்புள்ளியிட்டு, 631 என்ற எண்ணைச் சேர்த்தால் கப்ஸின் பக்கம் திறக்கும். அங்கே தேங்கிய வேலைகளை நீக்கிப் பொறியை மீண்டும் ஓடவிடலாம். தாளளவையும் நோக்குக. அமெரிக்க 'லெட்டர்' அளவு தேர்வாகியிருந்தால், நம் ஏ4 தாளை வைத்துக்கொண்டு பொறி வேறு தாள் கேட்டுச் சும்மா விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். இயக்கியைக் குறைகூறுமுன் இதைப் பார்ப்பது நேரத்தை மிச்சமாக்கும்.

தமிழ்த் தாள்களுக்கு இன்னொன்று. யூனிகோட் பரவுமுன் தட்டெழுதிய பழைய கடிதங்களும் சுற்றறிக்கைகளும் தனித்தனி எழுத்துருக்களின் குறியீட்டில் உள்ளன. லினக்ஸில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். கோப்பு கெடவில்லை. அந்த எழுத்துருக் கோப்பைப் பழைய வட்டிலிருந்து எடுத்து நிறுவினால் மீண்டும் படிக்கலாம். குறியீட்டு மாற்றிகளால் யூனிகோடுக்குக் கொணர்வது நிலையான வழி. ஆகையால் பழைய விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' அடைவையும் நகலெடுக்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்க. 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழில் லினக்ஸ் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பல உள்ளன. ஆணைகளை ஆங்கில எழுத்தில் அப்படியே காட்டியிருப்பதால், பிள்ளைகள் அருகிலில்லாத பகற்பொழுதில் பெற்றோரே பார்த்துத் தட்டெழுத அவை உதவும்.