மலைக்கும் உண்டு டைம் டேபிள்!



பள்ளியில் எந்த மணிக்கு எந்தப் பாடம் என்று டைம் டேபிள் போட்டு ஒட்டியிருப்பார்கள் அல்லவா? கணக்குப் பாடவேளையில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் ஆசிரியர் சும்மா விடுவாரா? மலைக்கும் அப்படி ஒரு டைம் டேபிள் உண்டு. அதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரு வனக் காவலர்.

சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மார்ச் மாதம். ஏழாம் வகுப்பு மாணவர்களை நீலகிரி மாவட்டம் கோத்தகிரிப் பக்கம் சுற்றுலா அழைத்துப் போயிருந்தேன். ஒரு குன்றின் உச்சி வரை நடந்து போய், அங்கே கட்டுச்சோற்றைப் பிரிப்பது என்று திட்டம். பாதி வழியில் காவலர் எங்களை நிறுத்தினார்.

"மேலே போகாதீங்க சார்."

"ஏன், யானை நிற்கிறதா?" என்றேன்.

அவர் குனிந்து ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடுங்கிக் கசக்கினார். அப்பளம் போல நொறுங்கியது!

"ஒரு பீடித் துண்டு போதும் சார். தீப் பிடிச்சா இத்தனை பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எந்தப் பக்கம் ஓடுவீங்க?"

திரும்பிவிட்டோம். மாணவர்களின் முகம் வாடிப்போயிற்று. புளிசாதத்தைப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உண்மையைச் சொன்னால், எனக்கும் அவர் மேல் கோபம்தான்.

ஏற ஏறக் குளிர்வது ஏன்?

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் மேலே எழும்பும் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்து மேட்டுப்பாளையத்தை விட ஏறத்தாழ 1900 மீட்டர் அதிகம். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி என்றால் ஊட்டியில் எவ்வளவு இருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்!

கடலிலிருந்து வரும் ஈரக் காற்று மலையில் மோதி மேலே ஏறிக் குளிர்ந்தால் மேகமாகிறது; மழையாகப் பொழிகிறது. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்துச் சரிவுக்குத்தான் அதிக மழை.

மாதம் ஒரு பாடம்

டிசம்பர், ஜனவரி: பகலில் இதமான வெயில், நடப்பதற்கு இனிமையான காலம். மேகமில்லாத இரவில் தரையின் சூடு விரைவாக வெளியேறிவிடும். விடியற்காலையில் பள்ளத்தாக்குப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கம்பளிச் சட்டை அவசியம்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை: உறைபனியில் கருகிய புல், மழையில்லாமல் காய்ந்து கிடக்கும். இது தீக்காலம். நாங்கள் போனது இந்தப் பாடவேளையில்தான்!

ஏப்ரல் பிற்பாதி, மே: காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். பிற்பகலில் திடீரென இடியும் மழையும் வரும். நடையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். இடி இடிக்கும்போது உச்சியிலோ தனி மரத்தின் அடியிலோ நிற்கக் கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: தென்மேற்குப் பருவமழை. மேற்குச் சரிவு நனையும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைப்பதே சராசரியாக 140 செ.மீ.தான்! பாதையெல்லாம் வழுக்கும், அட்டைகள் காலைத் தேடி வரும்.

அக்டோபர், நவம்பர்: வடகிழக்குப் பருவமழை. இப்போது கிழக்குப் பக்கமுள்ள குன்னூர், கோத்தகிரி பகுதிகளின் முறை. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பூமி வெப்பமடைந்து வருவதால் இந்த டைம் டேபிளும் இப்போது தடுமாறுகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அது மொத்தமாகப் பொழிந்தால் மண் தாங்குமா? ஆகவே மாதத்தை மட்டும் நம்பாமல், அன்றைய வானிலை அறிவிப்பையும் கேட்க வேண்டும்.

மேடு ஏறும் தீ

தேனி மாவட்டம் குரங்கணி மலை. 2018 மார்ச் 11. மலையேற்றம் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் உயிரிழந்தனர்.

தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். அதன் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதுதான் காரணம். மனிதனோ மேட்டில் ஏறும்போது மெதுவாகத்தான் ஓட முடியும். அந்தக் காவலர் கேட்ட கேள்வியின் பொருள் இதுதான்.

செய்தி வந்த மறுநாள், பழைய மாணவர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். இன்று அவருக்கே இரண்டு பிள்ளைகள். "சார், அந்தப் புல் ஞாபகம் இருக்கா?" என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிமுகம் செய்தது. முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள்.

போகும் முன்...

* வனத்துறை அனுமதித்த பாதையில், பெரியவர்களுடன் மட்டும் செல்லுங்கள்.

* எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

* குடிநீர், மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, விசில் எடுத்துக்கொள்ளுங்கள்.

* காட்டில் யாரும் தீ மூட்ட விடாதீர்கள். அப்பாவே ஆனாலும் தடுங்கள்!

* காவலர் "திரும்புங்கள்" என்றால் திரும்பிவிடுங்கள்.

அடுத்த விடுமுறையில் அப்பா "மலைக்குப் போகலாமா?" என்று கேட்டால், "இப்போது மலையில் என்ன பாடம் நடக்கிறது?" என்று நீங்கள் கேளுங்கள். தீயோ பெருமழையோ என்றால் காத்திருங்கள். மலை எங்கேயும் ஓடிப் போகாது!