ஸ்பானிய வகுப்பில் தமிழ்

பெங்களூரு மாநகரின் தெற்கே, ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் எலெக்ட்ரானிக் சிட்டி அமைந்துள்ளது. கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் நிலத்தில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் 332 ஏக்கர் பரப்பில் இத்தொழிற்பேட்டையை உருவாக்கியது. பின்னர் இன்போசிஸ், விப்ரோ முதலிய நிறுவனங்கள் இங்கு வளர்ந்தன. வேலையின் பொருட்டுக் குடிபெயர்ந்த குடும்பங்களும் பெருகின. தமிழ்நாட்டின் எல்லை மிக அருகில் இருப்பதால் அவர்களுள் தமிழர் பலர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டுத் திடலில் இந்தி என ஒரே நாளில் நான்கு மொழிகளில் புழங்கும் சிறுவர்களை இங்கே காண்பது அரிதன்று.

அவர்களுள் சிலருக்கு ஐந்தாவதாக ஒரு மொழியும் வந்து சேர்கிறது. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் போன்ற அயல்நாட்டு மொழிகளைத் தனியார் பள்ளிகள் சில கற்பிக்கின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் உயர்நிலை வகுப்புகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுள் ஒன்றாக ஸ்பானியத்தைக் குறிப்பிடுகிறது. ஸ்பெயின் நாட்டில் பிறந்த இம்மொழி, மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை ஏறத்தாழ 20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்குகிறது. இதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறக்குறைய 50 கோடி மக்கள். பிற்கால வேலைவாய்ப்பை எண்ணிப் பெற்றோர் இதனை விரும்புவதில் வியப்பில்லை.

ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. கால அட்டவணையில் மூன்றாம் மொழிக்குரிய பாடவேளை பெரும்பாலும் ஒன்றே. அதில் ஸ்பானியத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் தமிழைப் பள்ளியில் கற்கும் வாய்ப்பை இழக்கக்கூடும். ‘தமிழ்தான் வீட்டில் இருக்கிறதே, அதனால் பள்ளியில் என்ன பயன்?’ என்னும் வினாவும் அப்போது எழுகிறது. புதுமொழி கற்கும்போது வீட்டுமொழி குறுக்கிடும், அதனை வாயிலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்று கருதுவோரும் உளர். ஸ்பானியத்தின் தொடக்கப் பாடங்களைத் தமிழோடு ஒப்பிட்டு நோக்குவோர்க்கு இக்கருத்து சரியன்று என்பது விளங்கும்.

முதல் நாள் வகுப்பு ‘ஓலா’ என்னும் சொல்லோடு தொடங்கும். ‘வணக்கம்’ என்பது போன்ற எளிய முகமன் அது. அதே ஒலியுள்ள பெயரை வாடகை மகிழுந்துகளில் அறிந்த பெங்களூருச் சிறுவர்கள் சிரிக்காமல் இருப்பதில்லை. ஸ்பானியத்தில் இச்சொல்லின் முதலில் ‘ஆச்சே’ என்னும் எழுத்து எழுதப்படும், ஆனால் ஒலிக்கப்படாது. எண்களைக் கற்கும்போது மற்றொரு சிரிப்பொலி எழும். பன்னிரண்டு என்பதற்கு இலத்தீன் அமெரிக்க நாடுகளின் ஒலிப்பு ‘தோசே’. கன்னடத்தில் தோசைக்கு உரிய பெயரும் அதுவே! ‘எனக்குப் பன்னிரண்டு வயது’ என்பதை ‘தெங்கோ தோசே ஆஞோஸ்’ என்பர். இதன் இறுதிச் சொல்லில் வரும் ஞகர ஒலிக்கென ஸ்பானியம் தனி எழுத்தே வைத்திருக்கிறது. ஆங்கில நெடுங்கணக்கில் அவ்வெழுத்து இல்லை. தமிழ் நெடுங்கணக்கில் ‘ஞ’ உண்டு.

ஒலிகளில் வேறு சில உதவிகளும் உள. ஸ்பானியத் தகரம் நாக்கு பல்லைத் தொடுவதால் பிறப்பது. ஆங்கிலத்தில் வருவது போன்ற டகரச் சாயல் அதற்கு இல்லை. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. ‘பெறோ’ என்று நாவை அதிரச் செய்து ஒலித்தால் ‘நாய்’. கரை, கறை என்னும் சொற்களின் வேறுபாட்டை அறிந்தவர்க்கு ஓர் ஒலி மாறினால் பொருளே மாறும் என்பதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. எனினும் இன்றைய பேச்சுத் தமிழில் ரகர றகர வேறுபாடு பெரிதும் மறைந்துவிட்டதால், நாவுக்குப் பயிற்சி தேவைப்படவே செய்யும்.

ஸ்பானிய வினைச்சொற்களே தொடக்க மாணவர்களை அச்சுறுத்துபவை. ‘பேசு’ என்னும் பொருளுடைய வினை ‘ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லாயிஸ், ஆப்லான்’ என ஆறு வடிவம் கொள்ளும். ஆங்கில வினைக்கு நிகழ்காலத்தில் இரண்டே வடிவங்கள் இருப்பதால், ஆங்கிலத்தின் வழியாகவே சிந்திக்கும் மாணவர்க்கு இவ்வாறும் பெருஞ்சுமையாகத் தோன்றும். தமிழிலோ பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறோம், பேசுகிறீர்கள், பேசுகிறார்கள் என வடிவங்கள் அதனினும் மிகுதி. தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய இடங்களை வினையின் விகுதியே காட்டுகிறது. ஸ்பானியத்திலும் அவ்வாறே. ‘ஆப்லாமோஸ்’ என்பதன் ‘மோஸ்’, ‘பேசுகிறோம்’ என்பதன் ‘ஓம்’ ஆற்றும் பணியையே ஆற்றுகிறது. இரண்டிலும் மகர ஒலி இருப்பது தற்செயலே. பணியின் ஒப்புமைதான் கவனிக்கத்தக்கது.

விகுதி இடத்தைக் காட்டுவதால் எழுவாயைக் கூறாமலே விடலாம். ‘தமிழ் பேசுகிறேன்’ என்றாலே ‘நான்’ என்பது விளங்கும். இதனைத் தமிழ் இலக்கணம் தோன்றா எழுவாய் என்கிறது. ஸ்பானியரும் ‘நான்’ என்னும் பொருளுடைய ‘யோ’ என்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டே பேசுவர். ஒவ்வொரு தொடரிலும் ‘யோ, யோ’ என்று தொடங்குவது, தமிழில் ‘நான், நான்’ என்று ஓயாமல் கூறுவது போலச் செயற்கையாக ஒலிக்கும்.

மரியாதை வழக்கிலும் உறவு தெரிகிறது. ‘தூ’ என்பது நீ. ‘உஸ்தெத்’ என்பது நீங்கள். நண்பனிடம் முன்னதையும் அறிமுகமற்ற பெரியவரிடம் பின்னதையும் வழங்குவர். ‘உங்கள் அருள்’ என்னும் பொருள்படும் பழைய தொடர் ஒன்று சுருங்கி ‘உஸ்தெத்’ ஆயிற்று. அதனால்தான் அதனோடு வரும் வினை, முன்னிலை வடிவில் இல்லாமல் படர்க்கை வடிவில் நிற்கிறது.

இவை அனைத்தினும் வியப்பூட்டுவது விருப்பத்தைக் கூறும் தொடர். ‘மே குஸ்தா எல் மாங்கோ’ என்பதில் விரும்புகின்றவர் எழுவாய் அல்லர், மாம்பழமே எழுவாய். ஆங்கில அமைப்பில் பழகிய மாணவர்கள் ‘நான் விரும்புகிறேன்’ என்று தொடங்கி, ‘யோ குஸ்தோ’ எனப் பிழையாக எழுதுவது வழக்கம். ஆசிரியர்கள் இதனைத் திருத்தப் பல பாடவேளைகளைச் செலவிடுவர். ஆனால் ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்று நாள்தோறும் கூறும் சிறுமிக்கு இத்தொடர் புதிதா? ‘மே’ என்பது ‘எனக்கு’. ‘தே’ என்பது ‘உனக்கு’. நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ செய்வதையே அச்சிறு சொற்கள் செய்கின்றன. இவ்வமைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடம் பேசும் தோழி ‘நனகெ’ என்பாள். இந்தி பேசும் தோழன் ‘முஜே’ என்பான். வகுப்பிலுள்ள அனைவரும் வீட்டுமொழியை நினைத்தால் பாடம் ஒரே நாளில் முடிந்துவிடும். ஒரு வேறுபாட்டை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும்: மாம்பழம் பலவானால் ஸ்பானிய வினையும் ‘குஸ்தான்’ எனப் பன்மையாகும்; ‘பிடிக்கும்’ மாறுவதில்லை.

இருத்தலைக் குறிக்க ஸ்பானியத்தில் ‘எஸ்’, ‘எஸ்தா’ என இரு வினைகள் உள. ‘அவர் ஆசிரியர்’ என்னும்போது ‘எஸ்’ வரும். ‘அவர் வகுப்பறையில் இருக்கிறார்’ என்னும்போது ‘எஸ்தா’ வரும். முதல் தொடர் தமிழில் வினையின்றிப் பெயர்ப் பயனிலையாக முடிவதையும், இரண்டாவதில் மட்டும் ‘இருக்கிறார்’ வருவதையும் காண்க. தொடக்கப் பாடங்களில் இது நல்ல வழிகாட்டி. ஆனால் ‘உயரமாக இருக்கிறாள்’ என்னுமிடத்தில் தமிழ் வழிகாட்டி ஏமாற்றிவிடும். உயரம் நிலையான பண்பாதலால் ஸ்பானியம் அங்கே ‘எஸ்’ என்றே கூறும்.

இனி வகுப்பறைப் பொருள்களின் பெயர்களைக் காண்போம். ‘மேசா’ என்பது மேசை; ‘அர்மாரியோ’ அலமாரி; ‘பொத்தோன்’ பொத்தான்; ‘தோவாயா’ துவாலை. இலங்கைத் தமிழர் காலணியைச் ‘சப்பாத்து’ என்பர். ஸ்பானியர் ‘சபாத்தோ’ என்பர். இவ்வொற்றுமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்தபின், போர்ச்சுகீசியர் தமிழகக் கடற்கரையிலும் வணிகம் செய்தனர். அவர்களிடமிருந்து இச்சொற்கள் தமிழில் புகுந்தன. போர்ச்சுகீசியமும் ஸ்பானியமும் இலத்தீன் ஈன்ற உடன்பிறப்புகள். எனவே அக்காளிடம் பெற்றதைத் தங்கையிடமும் காண்கிறோம். எல்லாச் சொற்களும் இவ்வாறு ஒத்துப்போவதில்லை. சன்னல் என்பது போர்ச்சுகீசிய ‘சனேலா’ தந்தது. ஸ்பானியர் அதனை ‘வெந்தானா’ என்பர். கடலில் சென்ற சொற்கள் ஒருவழியாக மட்டும் செல்லவில்லை. கட்டுமரம் ஸ்பானியத்தில் ‘கத்தாமரான்’ ஆயிற்று. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான மாங்காயே, பல மொழிகளைக் கடந்து ‘மாங்கோ’ ஆகியுள்ளது.

தெரிந்த மொழியைக் கொண்டு தெரியாத மொழியைக் கற்பது அக்காலத்தவரும் அறிந்த வழியே. முத்துக்குளித்துறையில் வாழ்ந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் அன்றிக்கே அன்றிக்கசு, 16ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழ் கற்றார். தாம் முன்பே அறிந்த இலத்தீன் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு, தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் அவர் உருவாக்கியதே. இலத்தீனுக்குள் அடங்காத தமிழ்க் கூறுகள் அவருக்கு இடர் தந்திருக்கும். தமிழுக்குள் அடங்காத ஸ்பானியக் கூறுகள் இன்றைய மாணவர்க்கு இடர் தருகின்றன.

அவற்றுள் முதன்மையானது பால் பாகுபாடு. தமிழில் உயிரற்ற பொருள் யாவும் அஃறிணை. ஸ்பானியத்தில் அஃறிணை என்பதே இல்லை. மேசை பெண்பால், அலமாரி ஆண்பால். ஏன் என்று வினவினால் ஆசிரியரிடமும் விடை இராது. ஆதலால் பெயரைத் தனியே கற்காமல், ‘லா மேசா’, ‘எல் அர்மாரியோ’ என முன்னே வரும் சிறு சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்வர். பெண்பாற் பொருளுக்கு ஒரு வண்ணம், ஆண்பாற் பொருளுக்கு மற்றொரு வண்ணம் எனப் பெயர்ச்சீட்டுகளை வகுப்பறையெங்கும் ஒட்டிவைப்பதும் உண்டு. ‘ஓ’ என முடிவன பெரும்பாலும் ஆண்பால் என்னும் விதியைக் கற்ற மறுநாளே, கை என்னும் பொருளுடைய ‘மானோ’ பெண்பாலாக வந்து நிற்கும். இங்கே உதவக்கூடியவள் பக்கத்து இருக்கையில் உள்ள இந்தித் தோழியே. அவள் மொழியிலும் பொருள்களுக்குப் பால் உண்டு. மேசை அங்கேயும் பெண்பால்தான். ஆனால் இந்தியில் அலமாரியும் பெண்பால். ஆகவே அலமாரியின் முன் நிற்கும்போது அவளும் சீட்டின் வண்ணத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.