ஈரப்பத சென்சாரின் எச்சரிக்கை யார் போனுக்குப் போக வேண்டும்?

சொட்டுநீர்ப் பாசனத்துடன் மண் ஈரப்பத சென்சார் பொருத்தும் விவசாயிகள் விலை, மானியம், உத்தரவாதம் எல்லாவற்றையும் துருவிக் கேட்கிறார்கள். எச்சரிக்கை யாருக்கு, எப்போது வர வேண்டும் என்பதை மட்டும் பொருத்த வந்த தம்பியிடமே விட்டுவிடுகிறார்கள்.

நான் பார்க்கப் போன ஒரு வாழைத் தோட்டத்தில் தார் தள்ளும் நேரம். தோட்டக்காரர் மகளின் பிரசவத்துக்காக வெளியூரில் இருந்தார். சென்சார் ஒன்பது நாளாக 32 சதவீதம் என்ற ஒரே எண்ணையே காட்டியது. ஈரம் இருக்கிறது என்று தானியங்கி மோட்டாரும் ஓடவில்லை. ‘அளவு மாறவில்லை’ என்ற எச்சரிக்கை தினமும் போயிருக்கிறது, பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் போனுக்கு. தினசரி வரும் நாற்பது குறுஞ்செய்திகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

இதில் இரண்டு வகைச் செய்திகள் உண்டு. ‘நிலம் காய்கிறது’ என்பது பயிர்ச் செய்தி. ‘கருவி சொல்வதை நம்பாதே’ என்பது கருவிச் செய்தி. பயிர்ச் செய்தி உங்களுக்கும் மோட்டார் போடுபவருக்கும் உடனே வரட்டும். கருவிச் செய்தியை, தோட்டத்துக்குக் கால்நடையாகப் போகக்கூடியவருக்கு முதலில் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் ‘பார்த்தேன்’ என்று அவர் பதில் தராவிட்டால் அடுத்த எண்ணுக்கு, மறுநாள் காலை வரை பதில் இல்லையென்றால் டீலரின் சர்வீஸ் ஆளுக்கு. இந்த வரிசையைச் செயலியிலேயே பதியலாம். வசதி இல்லாவிட்டால் டீலரிடம் கேளுங்கள்.

எந்த எண்ணைச் சந்தேகப்படுவது? வெயில் காலத்தில் ஒரு பகலும் இரவும் துளியும் மாறாத எண். பூஜ்யத்துக்குக் கீழே போன எண். களிமண்கூட நீர் நிறைந்து நிற்கும்போது 50 சதவீதத்தை ஒட்டித்தான் காட்டும். 80, 90 என்றால் கோளாறு. (பயிருக்குக் கிடைக்கும் ஈரத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும் கருவிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) கால் மணிக்கு ஒருமுறை அளவு அனுப்பும் கருவி ஒருமுறை தவறினால் பரவாயில்லை, தொடர்ந்து நான்கு முறை தவறினால் மட்டும் செய்தி வரட்டும். எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் பேசாமல் போனால் சிம் ரீசார்ஜ் அல்லது டவர் பிரச்சினைதான். அதற்குப் பத்து செய்தி வேண்டாம், ஒன்று போதும்.

மிக முக்கியமானது, மோட்டார் ஓடியும் ஈரம் ஏறாத நிலை. இது பயிர்ச் செய்தியா, கருவிச் செய்தியா என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. சொட்டுவானில் உப்பு அடைத்திருக்கலாம், எலி லேட்டரலைக் கடித்திருக்கலாம், சென்சாரைச் சுற்றி மண் விலகிக் காற்று புகுந்திருக்கலாம். ஆகவே இருவருக்குமே, குறுஞ்செய்தியாக இல்லாமல் போன் அழைப்பாக வரட்டும்.

இரவு இரண்டு மணிக்கு சோலார் தகட்டைத் துடைக்க யாரும் போகப்போவதில்லை. கருவிச் செய்திகளை இரவு 10 முதல் காலை 5 வரை நிறுத்தி வையுங்கள். மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

கருவி கெட்டால் மோட்டார் நின்றுவிட வேண்டும் என்று சிலர் அமைக்கிறார்கள். வாழை, மஞ்சளுக்கு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்பு கைக்கணக்கில் விட்ட நேரத்துக்கே ஓடும்படி டைமருக்கு மாறச் சொல்லுங்கள்.

செய்தி தமிழில் இருக்கட்டும்: ‘மேற்கு வயல், சென்சார் 2, ஒரு நாளாக எண் மாறவில்லை.’ இவ்வளவு போதும்.

எல்லாம் அமைத்தபின் மோட்டாரைக் கைமுறைக்கு மாற்றிவிட்டு, சென்சாரைப் பிடுங்கித் துடைத்து வெளியே வையுங்கள். யார் போன் அடிக்கிறது என்று பாருங்கள். பிறகு கருவியை ஒன்றரை மணி நேரம் அணைத்து வைத்து, அடுத்த செய்தி சரியான ஆளுக்குப் போகிறதா என்று கவனியுங்கள். திரும்பப் பதிக்கும்போது அதே குழி மண்ணைச் சேறாகக் குழைத்து, இடைவெளி இல்லாமல் அழுத்தி மூடுங்கள்.